தம்பி, உன் டிவியை ரயிலில் ஏற்றிவிடு

பாசத்துக்குரிய தம்பி சுகெங்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மூன்றாம் தெருத் தலைவனும் ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டருமான உன் அண்ணன் தர்மாஜி எழுதிக்கொண்டது. ஆண்டவன் கருணையால் நீயும் உன் வீட்டாரும் சுராபாயா வெயிலைத் தாங்கிக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம். என் முழங்கால் சுகம், அதாவது போன மாதம் எவ்வளவு வலித்ததோ அவ்வளவுதான் இப்போதும் வலிக்கிறது. உன் அண்ணி பர்தினா சுகம். சேவல் சுகம். டிவி மட்டும் போய்விட்டது.

போய்விட்டது என்றால் திருடன் தூக்கிக்கொண்டு போனான் என்று நினைத்துவிடாதே. அப்படிப் போயிருந்தால்கூட மனதைத் தேற்றிக்கொள்வேன், திருட்டுக்குப் போலீஸ் இருக்கிறது. இது முன்னறையில் அதே மேசைமேல், உன் அண்ணி பின்னிய வெள்ளைத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்துவிட்டுச் சாப்பிட மறுக்கும் சம்பந்தியைப் போல உட்கார்ந்திருக்கிறது. பொத்தானை அழுத்தினால் ‘டக்’ என்கிறது. அதற்குமேல் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்கிறது. கீழே ஒரு சின்ன சிவப்பு விளக்கு எரியுமே, அதுவும் இல்லை. தண்டவாளத்தின் பக்கத்திலேயே காலத்தை ஓட்டியவன் நான், சிவப்பு விளக்கு எரிகிறதே என்று எத்தனையோ நாள் கவலைப்பட்டிருக்கிறேன். எரியவில்லையே என்று கண் கலங்கியது இதுதான் முதல் தடவை.

இதற்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்பாய். வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை நம் லாராஸ் ஜகார்த்தாவில் பேட்மிண்டன் இறுதிப் போட்டி ஆடுகிறாள், தம்பி! டோஃபு விற்கும் சமிடியின் மகள். நம் கொல்லையில் துணி காயப்போடும் கயிற்றையே வலையாக வைத்துக்கொண்டு ஆடக் கற்றவள். பந்து போய் அடுப்படியில் விழும், எடுக்க வருகிற சாக்கில் உன் அண்ணி கையால் பொரித்த வாழைப்பழம் ஒன்றை வாங்கி வாயில் போட்டுக்கொண்டுதான் திரும்புவாள். அந்தப் பெண் டிவியில் வரப்போகிறாள். தெரு முழுவதும் நம் வீட்டில் கூடிப் பார்ப்பது என்று தெருக்கூட்டத்தில் தீர்மானமே போட்டாயிற்று. நம் வீட்டைப் பற்றி உனக்குத் தெரியாதா? டிவி வாங்கிய நாளிலிருந்து மாலைத் தொழுகை முடிந்ததும் பாயை விரித்துவிடுவேன். தெருவே வந்து உட்காரும். வந்தவரை வெறும் வாயோடு அனுப்பும் வழக்கம் இந்த வீட்டில் கிடையாது. ஆளுக்கு ஒரு கிளாஸ் மல்லிகை மணக்கும் இனிப்புத் தேநீர், சுடச்சுட வாழைப்பழம். தெருத் தலைவன் வீடு என்றால் சும்மாவா? இப்போது டிவி இல்லையென்றால் இந்தக் கூட்டம் முழுவதும் எங்கே போகும் தெரியுமா? நான்காம் தெருத் தலைவர் குஞ்சோரோவின் வீட்டுக்கு. போன மாதம்தான் கதவு அகலத்துக்கு ஒரு டிவி வாங்கி, அதைத் திறந்த ஜன்னலுக்கு நேராக வைத்திருக்கிறார். என் ஜனங்கள் என் கண் முன்னால் பாயைச் சுருட்டிக்கொண்டு அந்த ஆள் வாசலுக்குப் போவதைப் பார்ப்பதைவிட, மாலை ஐந்து மணி எக்ஸ்பிரஸ் முன்னால் கொடி இல்லாமல் போய் நின்றுவிடலாம்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். திங்கட்கிழமை மாலை ஜனங்கள் வந்து உட்கார்ந்தாயிற்று, பொத்தானை அழுத்தினேன், டக், இருட்டு. நான் பதறவில்லை. முறைப்படி ஆராய்ந்தேன். கரண்ட் இருக்கிறதா? இருக்கிறது, தலைக்குமேல் குண்டு பல்பு எரிகிறது. பிளக் பாயிண்ட் சரியா? டிவி வயரைப் பிடுங்கிவிட்டு இஸ்திரிப் பெட்டியைச் செருகினேன், கை வைக்க முடியாதபடி சூடானது. ஆகவே கோளாறு டிவிக்குள்தான் என்று அறிவித்தேன். அறிவித்ததுதான் தவறு. நம் ஊரில் ஒரு மனிதனுக்குக் கஷ்டம் என்று தெரிந்தால் கை கொடுக்காமல் வீடு திரும்புகிறவன் உண்டா? கூரை வேய்வதானாலும் சவக்குழி தோண்டுவதானாலும் தெருவே இறங்கும். டிவிக்கும் இறங்கிவிட்டது.

முதலில் அடுத்த வீட்டு முடிதிருத்துபவர் திர்டோ எழுந்தார். “இருங்க பாக் தர்மாஜி, இதுக்கு ஒரு தட்டு போதும். எங்க வீட்டு ரேடியோவை நான் இப்படித்தான் வழிக்குக் கொண்டு வருவேன்” என்று சொல்லி டிவியின் கன்னத்தில் ஒன்று விட்டார். மேலே இருந்த பிளாஸ்டிக் பூச்சாடி கீழே விழுந்தது. அந்தப் பக்கத்துக் கன்னத்திலும் விட்டார். சுவரில் இருந்த நம் அப்பாவின் படம் விழுந்தது. அதற்குமேல் அடிக்க விடாமல் நான் குறுக்கே போய் நின்றுகொண்டேன். இதற்குள் உன் அண்ணி எல்லோருக்கும் தேநீர் கொடுத்துவிட்டாள். டிவி ஓடவில்லை என்பதற்காக வந்தவர் தொண்டை காயலாமா?

மறுநாள் காலையிலேயே பள்ளிவாசல் மைக்கைப் பார்த்துக்கொள்ளும் ஹஸ்புல்லா ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார். மின்சார விஷயத்தில் இந்தத் தெருவில் அவர் சொல்வதுதான் சட்டம். அவர் பின்மூடியைத் திறக்கிறார் என்று கேள்விப்பட்டு ஒரு கூட்டம் வந்தது. உள்ளே தூசி, பல்லி முட்டை, போன நோன்புப் பெருநாளில் காணாமல்போன என் சீப்பு. சீப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு, எல்லாக் கம்பியையும் உற்றுப் பார்த்துவிட்டு, “எல்லாம் நல்லாத்தான் பாக் இருக்கு” என்றார். “நல்லா இருந்தா ஏன் எரியலை?” என்றேன். “அதான் எனக்கும் புரியலை. எங்க மைக்குலயும் இப்படித்தான். ஒரு நாள் பேசாது, மறுநாள் அதுவா பேசும்” என்றார். மூடியைத் திருப்பிப் பூட்டியபோது இரண்டு ஸ்க்ரூ மிச்சம் இருந்தது. கம்பெனிக்காரன் தாராளமாகப் போட்டிருக்கிறான் என்று சொல்லி என் கையில் வைத்தார். எல்லோரும் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

புதன்கிழமை, கோளாறு ஆன்டெனாவில் என்று ஒரு கட்சி கிளம்பியது. நான்கு பேர் கூரையில் ஏறினார்கள், ஆறு பேர் கீழே நின்று கத்தினார்கள். “இடது பக்கம் திருப்பு! இல்ல, உன் இடது இல்லடா, என் இடது!” மூங்கில் கழி எல்லாத் திசைக்கும் சுற்றியது. உன் அண்ணி கரண்டியோடு வெளியே வந்து, “ஏங்க, விளக்கே எரியாத பெட்டிக்கு ஆன்டெனாவைத் திருப்பி என்னங்க ஆகும்?” என்று கேட்டாள். “இருக்கட்டும் இபு, எதுக்கும் திருப்பி வச்சிக்குவோம்” என்று மேலிருந்து மரியாதையாகப் பதில் வந்தது, கூடவே நான்கு ஓடுகளும் வந்தன. அன்றைக்கென்று மழை. எங்கள் கட்டிலுக்கு நேர் மேலே ஒழுகுகிறது, தம்பி, நான் தலைமாட்டில் சட்டியை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். அந்தப் பத்துப் பேரும் நனைந்துபோய் வந்ததால் இஞ்சிக் கஷாயம் போடவேண்டி வந்தது.

அன்றுதான் உன் அண்ணி என்னிடம், “கிளாஸ் ரொம்பச் சேர்ந்து போச்சுங்க” என்றாள். நான் பொறுப்பான கணவன், உடனே கடைக்குப் போய் இன்னும் ஒரு டஜன் கிளாஸ் வாங்கி வந்து கொடுத்தேன். அவற்றை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அவற்றையும் கழுவ எடுத்துக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை விடியும்போதே திர்டோ மறுபடியும் வந்தார். இந்த டிவியை வாங்கி முதலில் கரண்ட் கொடுத்த நாள் எது என்று கேட்டார். சொன்னேன். விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “பாக், வீட்டுக்கு நாள் பாக்குறோம், கல்யாணத்துக்கு நாள் பாக்குறோம், மாட்டுக்குக்கூடப் பாக்குறோம். இதுக்குப் பாக்காம விட்டுட்டீங்களே! ஒரு கெந்தூரி வச்சிடுங்க, எல்லாம் அமைதியாப் போயிடும்” என்றார். டிவிக்குக் கெந்தூரி சாப்பாடா என்று நீ சிரிப்பாய், சுராபாயாக்காரன். நானும் முதலில் தயங்கினேன். ஆனால் நூறு வழியில் போய்த் தோற்றவன் நூற்றியோராவது வழியை ஏன் விடவேண்டும்? உன் அண்ணி விடியற்காலையிலிருந்து தேங்காய் துருவி, மஞ்சள் சோற்றைக் கோபுரமாகக் குவித்து, கோழி அடித்து, தெம்பே பொரித்து, வாழையிலையில் பொட்டலம் கட்டி அடுக்கினாள். மாலையில் டிவியை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். ஹஸ்புல்லா, டிவி என்ற பெயரைச் சொல்லாமல், ‘இந்த வீட்டில் உள்ள அனைத்துக்காகவும்’ என்று சாமர்த்தியமாகத் துஆ ஓதினார். ஆமீன் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். டக்.

அப்போது அடுப்படியில் ஒரு சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் உன் அண்ணி படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள், சிரித்துக்கொண்டே அழுகிறாள், கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டுகிறது. டிவிமேல் அவளுக்கு இவ்வளவு பாசம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. “அழாதே பர்தினா, நான் இருக்கேன்ல, எப்படியும் சரி பண்ணிடுவேன்” என்று தேற்றினேன். அதைக் கேட்டதும் அழுகை இன்னும் அதிகமாகிவிட்டது.

கடைசி நம்பிக்கை பைஜான். கடைத்தெருவில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறானே அவன்தான். போன வருஷம் இடி விழுந்து டிவி நின்றபோது வந்து, உள்ளே கண்ணாடிக் குழாய் போல ஒரு சின்ன ஃபியூஸ் இருக்கும், அதை மாற்றிவிட்டுப் போனான். உன் அண்ணிதான் டார்ச் பிடித்தாள். எது என்ன, எதைத் தொட்டால் ஆபத்து, எதைத் தொடலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள். பெண்பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்றுகூட நான் சொன்னேன். இந்த வாரம் முழுவதும் அவன் மாமியார் வீட்டில் இருந்தான். இன்று வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் ஓடிப்போய்ப் பிடித்து வந்தேன்.

வந்தான், மூடியைக் கழற்றினான், மீட்டரின் இரண்டு குச்சியையும் ஒரே ஓர் இடத்தில் வைத்தான். “அட, இவ்வளவுதானா” என்று சிரித்துக்கொண்டே தன் பெட்டிக்குள் கையை விட்டான். எனக்கு உயிர் வந்தது. அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து, “தம்பி பைஜான், இந்த இஸ்திரிப் பெட்டி சூடாகவே மாட்டேங்குது, கொஞ்சம் வந்து பாருப்பா” என்று உன் அண்ணியின் குரல். திங்கட்கிழமை என் கையைச் சுட்ட பெட்டிக்குத் திடீரென்று என்ன கேடு வந்ததோ, இந்த வீட்டில் எல்லாம் ஒவ்வொன்றாகச் சாகிறது. உள்ளே போனவன் ஒரு கிளாஸ் காப்பி குடிக்கும் நேரம் கழித்துத்தான் வந்தான். வந்தவன் முகம் வேறு முகமாக இருந்தது. என்னைப் பார்க்காமல் சேவலைப் பார்த்துக்கொண்டே மூடியைப் பூட்டினான்.

“என்னப்பா ஆச்சு?” என்றேன்.

“கொஞ்சம் சிரமம் பாக்.”

“எவ்வளவு சிரமம்?”

“சாமான் ஜப்பான்லேருந்து வரணும்.”

“ஞாயித்துக்கிழமைக்குள்ள?”

“அது... வந்தாலும் வரலாம் பாக்” என்றான்.

நம் ஊர்க்காரன் ‘கொஞ்சம் சிரமம்’ என்றால் என்ன அர்த்தம், ‘வந்தாலும் வரலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. முடியாது என்ற சொல் நம் ஜனங்கள் நாக்கில் என்றைக்கு வந்தது? காசு கொடுத்தேன், வேண்டவே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, உன் அண்ணி கொடுத்த வாழைப்பழப் பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டான். அவன் போனதும் இஸ்திரிப் பெட்டி நன்றாகச் சூடானது.

ஆகவே தம்பி, வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். உன் டிவியை எனக்கு அனுப்பு. இந்தக் கடிதத்தை நாளை விடியற்காலை ரயிலின் கார்டு, என் பழைய சகா நோட்டோவின் கையில் கொடுத்து அனுப்புகிறேன். நேராக உன்னிடம் தருவார். நீ டிவியைப் போர்வையில் சுற்றி ‘முட்டை, கவனம்’ என்று எழுதி அன்று மாலை ரயிலில் பார்சல் பெட்டியில் ஏற்றிவிட்டால் ஞாயிறு காலை நான் பிளாட்பாரத்தில் நிற்பேன். உன் பிள்ளைகள் ஒரு வாரம் டிவி பார்க்காவிட்டால் கெட்டுப்போக மாட்டார்கள், கொஞ்சம் உருப்படவும் செய்வார்கள். நீ மட்டும் கைவிட்டால் நான் தலைவர் பதவியைத் துறந்து, மழை ஒழுகும் அந்தக் கட்டிலிலேயே படுத்துவிடுவேன்.

உனக்கும் உன் சந்ததிக்கும் நீண்ட ஆயுளும், குறையாத சோறும் ரிசிகும், தெருவில் தலை நிமிர்ந்து நடக்கும் பாக்கியமும் ஆண்டவன் தரட்டும். அண்ணி ஸலாம் சொல்லச் சொன்னாள். டிவி கேட்டு எழுதுகிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை, நல்ல செய்தியாகத் திடீரென்று சொல்லலாம் என்றிருக்கிறேன்.

உன் துரதிர்ஷ்டசாலி அண்ணன்,
தர்மாஜி

பின்குறிப்பு: இன்று செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை நோட்டோ லீவாம், வேறு கார்டு வந்தார், அவரை நம்பிக் குடும்ப மானத்தைக் கையில் கொடுக்க மனம் வரவில்லை. கடிதம் என் சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது. டிவியை அனுப்பாதே.

ஞாயிற்றுக்கிழமை குஞ்சோரோ தானே குடை பிடித்துக்கொண்டு வந்து, “பாக் தர்மாஜி, எங்க ஏழை வீட்டுக்கு நீங்கள்லாம் வந்தா எங்களுக்குப் பெருமை” என்றார். ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கும் டிவி வைத்திருக்கிற ஏழை. தெரு முழுவதும் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியது. நான் தலைவலி என்று படுத்துவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் உன் அண்ணி எல்லோருக்கும் முன்னால் தலை வாரி, பெருநாளைக்கு உடுத்தும் பச்சைக் கெபாயாவை உடுத்திக்கொண்டு வாசலில் நின்றாள். “வரீங்களா, இல்ல நான் போகட்டுமா?” என்றாள். போனோம். முதல் வரிசையில், டிவிக்கு எதிரே, காலை மடக்கி உட்கார்ந்தாள். குஞ்சோரோவின் மனைவி, இபு குஞ்சோரோ, தேநீர் கொண்டு வந்து கொடுத்தாள். உன் அண்ணி அதைச் சூடு ஆறுவதற்குள் குடித்தாள். அவள் ஒரு தேநீரைச் சூடாகக் குடித்து நான் பார்த்ததாக நினைவில்லை.

ஆட்டம் தொடங்கியது. பந்து கோட்டருகே விழ, நடுவர் வாய் திறக்கும் முன்னால் உன் அண்ணி “வெளிய!” என்று கத்தினாள். வெளியேதான். “அவ பின்னாடி போக மாட்டா, வலைகிட்ட போடுவா பாருங்க” என்றாள், லாராஸ் வலைக்கருகே போட்டாள். சமிடியே திரும்பிப் பார்த்தார். நான் குனிந்து, “உனக்கு இதெல்லாம் எப்பத் தெரியும்?” என்று கேட்டேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “அடுப்படிக்குச் சத்தம் வரும்ல. யாரு அடிக்கிறா, எங்க விழுது, எல்லாம் காதாலயே பாத்துப் பழகிட்டேன். கண்ணால இன்னிக்குத்தான் பாக்குறேன்.”

லாராஸ் என்ன ஆனாள் என்று நீ பேப்பரில் படித்திருப்பாய். கடைசிப் பந்து எங்கே விழுந்தது என்று என்னைக் கேட்காதே, நான் திரையைப் பார்க்கவில்லை. பச்சைக் கெபாயாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து, அவளுக்கு ஒரு தேநீர் நானே போட்டுத் தரலாம் என்று சர்க்கரை டப்பாவைத் திறந்தேன். சர்க்கரைக்குள் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் கண்ணாடிக் குழாய் போல ஒரு ஃபியூஸ், உள்ளே கம்பி அறுபடாமல், புத்தம் புதிதாக. போன வருஷம் இடியில் கருகியதை அவள் எறியாமல் வைத்திருந்திருக்கிறாள், அதைத்தான் டிவிக்குள் மாட்டியிருக்கிறாள் என்று எனக்கே புரிந்துவிட்டது. எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது, தம்பி. வந்தவர்களை வராதீர்கள் என்று அவள் எப்படிச் சொல்வாள்? என்னிடம்தான் சொன்னாள், நான் ஒரு டஜன் கிளாஸ் வாங்கிக் கொடுத்தேன். ஃபியூஸை எடுத்த இடத்திலேயே வைத்து, மேலே சர்க்கரையை நிரவிவிட்டு, தேநீரைச் சர்க்கரை இல்லாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதையும் சூடு ஆறுவதற்குள் குடித்தாள். யாராவது உன்னிடம் கேட்டால், அந்தச் சாமான் ஜப்பானிலேயே செய்வதை நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லிவிடு.

இவ்வளவையும் எழுதி உறையில் போடும் நேரத்தில் குஞ்சோரோ வந்து முகம் வெளிறி நிற்கிறார். நேற்று மாலையிலிருந்து அவர் டிவி எரியவில்லையாம், டக் என்று மட்டும் சத்தம் வருகிறதாம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் உன் அண்ணியும் இபு குஞ்சோரோவும் இரண்டு தெருவின் கிளாஸ்களையும் கழுவிக்கொண்டே வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. திர்டோ ஏற்கெனவே ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டாராம். பைஜானும் வந்துவிட்டானாம், ஆனால் டிவியை இன்னும் தொடவில்லையாம். முதலில் அடுப்படிக்குப் போய் அவர்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியைப் பார்க்கிறானாம்.